.22 ரைபிளுக்கு எவ்வளவு நீளக் குழல்? கோலாலம்பூரில் விண்ணப்பம் போடும் முன் செய்ய வேண்டியவை

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, சில காலம் கழகத்தின் ரைபிளில் பழகிய பிறகு, சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் வரும் முதல் குழப்பம் குழலின் நீளம். விற்பனையாளர் நீளக் குழல்தான் வேகம் தரும் என்பார். கழகத்தின் மூத்த உறுப்பினர் குட்டைக் குழல்தான் துல்லியம் என்பார். இணையத்தில் கிடைக்கும் கணக்குகளோ பெரும்பாலும் வேறு வகைத் தோட்டாக்களுக்கு, வேறு நாட்டுக் குளிரில் எடுத்தவை. நான் இந்த மூன்றுக்கும் நடுவில் நெடுநாள் அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டியதில்லை.

வேறு சில நாடுகளில் ஒரு குழல் பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்வார்கள். நம் மலேசியாவில் உரிமம் என்பது குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, அதன் வரிசை எண்ணோடு வழங்கப்படுவது. வாங்கிய பிறகு மனம் மாறினால், பணம் போவதைவிடப் பெரிய தொல்லை, அலுவலகப் படியை மீண்டும் முதலிலிருந்து ஏற வேண்டும் என்பதுதான். ஆகவே நீளத்தை அளந்து பார்த்துத் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

1. எது துப்பாக்கி என்று சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, குண்டு எறியும் குழல் கொண்ட ஆயுதங்களுடன், காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் ஆயுதமே. அதைவிட முக்கியமாக, அத்தகைய ஆயுதத்தின் உதிரிப் பாகமும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வருகிறது. குழல் ஓர் உதிரிப் பாகம். இணையக் கடையில் குழலை மட்டும் தனியாக வாங்கி அஞ்சலில் வரவழைப்பது, ரைபிளையே உரிமமின்றி வரவழைப்பதற்கு ஒப்பாகும். உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானால் சிறைக்காலம் 14 ஆண்டு வரை போகலாம், பிரம்படியும் உண்டு. தாய்லாந்து எல்லைக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் ஏர் ரைபிள் ஒன்றை "பொம்மை மாதிரிதான்" என்று சொல்லிக் கொடுத்தால் கையில் வாங்காதீர்கள்.

இதே காரணத்தால், வாங்கிய ரைபிளின் குழலை வெட்டிக் குறைக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அது உரிமத்தில் பதிவான ஆயுதத்தை மாற்றுவதாகும். சட்டம் ஒரு பக்கம் இருக்க, குழல் வாயின் விளிம்பு சிறிதளவு கோணலாக வெட்டுப்பட்டாலும் குண்டின் பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளும், துல்லியம் போய்விடும்.

2. தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள், குழலைப் பிறகு

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எவ்வளவு நீளக் குழல் வேண்டும் என்ற கேள்விக்கு, எந்தத் தோட்டாவுக்கு என்று தெரியாமல் பதில் கிடையாது.

வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தம் குண்டைத் தள்ளுகிறது. குண்டு முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் பெருகி அழுத்தம் குறைகிறது. அழுத்தத்தின் தள்ளுவிசை உராய்வைவிட அதிகமாக இருக்கும் வரைதான் குழலின் ஒவ்வோர் அங்குலமும் வேகத்தைக் கூட்டும். வெடிமருந்து நிறைய உள்ள தோட்டாவுக்கு அந்த எல்லை வெகு தூரத்தில் இருக்கிறது. ராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 மி.மீ. தோட்டாவை எடுத்துக்கொண்டால், 20 அங்குலக் குழலுள்ள எம்16 ரைபிளிலிருந்து 14.5 அங்குலக் குழலுள்ள எம்4 ரைபிளுக்கு மாறும்போது வேகம் நொடிக்குப் பல பத்து மீட்டர் குறைகிறது. நீளம் கூடினால் வேகம் கூடும் என்ற பேச்சு இந்த வகைத் தோட்டாக்களிலிருந்து வந்தது. அங்கே அது உண்மையும்கூட.

நம் கழகங்களில் 50 மீட்டருக்குச் சுடும், 0.22 அங்குல அளவுள்ள சிறு தோட்டாவான .22 லாங் ரைபிளின் கதை வேறு. அதன் குண்டு சுமார் 2.6 கிராம், உள்ளே இருக்கும் வெடிமருந்தோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். அது குழலின் முதல் சில அங்குலங்களிலேயே எரிந்து முடிந்துவிடுகிறது. 16 முதல் 19 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 40 முதல் 48 செ.மீ.க்குள், பெரும்பாலான .22 தோட்டாக்கள் தம் உச்ச வேகத்தை எட்டிவிடுகின்றன. அதற்கு மேல் நீளும் குழலில் வேகம் ஏறாது; சில தோட்டாக்களில் உராய்வு மேலோங்கிச் சற்றுக் குறையவும் செய்யும். ஆக, 66 செ.மீ. குழலுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கூடுதல் வேகம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அவர் வேறு தோட்டாவைப் பற்றிப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி, வேகம் கூடினால் நல்லது என்ற எண்ணம். போட்டித் தோட்டாக்கள் வேண்டுமென்றே நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரையான வேகத்தில் செய்யப்படுகின்றன. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். கோலாலம்பூரின் பிற்பகலில் வெப்பம் 33 பாகையைத் தொடும்போது அது 351 மீட்டரை எட்டுகிறது. போட்டித் தோட்டா அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிளம்பிக் கீழேயே போய்ச் சேர்கிறது. கடையில் "ஹை வெலாசிட்டி" என்று விற்கும் தோட்டா 380 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டர் இலக்கை அடைவதற்குள் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த எல்லையில் காற்றுத் தடை மிக அதிகம். குண்டு தன் வேகத்தை விரைவாக இழக்கிறது. பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது இந்த இழப்பைப் பொறுத்தது என்பதால், வேகத் தோட்டாதான் காற்றில் அதிகம் விலகுகிறது. முதன்முதலில் கேட்கும் எவருக்கும் இது நம்பக் கடினமாக இருக்கும். திடலில் காற்றுக் கொடி ஆடும் ஒரு நாளில் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள்.

குழல் குட்டையாக இருந்தால் உட்புரி (குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள் பள்ளம்) குண்டை முழுமையாகச் சுழற்றாது என்றும் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. .22 ரைபிள்களில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி வெட்டியிருப்பார்கள். குண்டின் சுழற்சியை அந்த விகிதமும் வெளியேறும் வேகமும்தான் தீர்மானிக்கின்றன. குழலுக்குள் ஒரு முழுச் சுற்றை முடித்ததா இல்லையா என்பதல்ல.

3. கழகத்தின் ரைபிள்களிலேயே அளந்து பாருங்கள்

இதற்குச் செலவு மிகக் குறைவு. பலன் மிக அதிகம். குரோனோகிராப் எனப்படும் வேகமானி பெரும்பாலும் கழகத்தில் யாராவது ஒருவரிடம் இருக்கும். திடல் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். கருவியை வைக்கவும் எடுக்கவும் சுடும் கோட்டுக்கு முன்னால் போக வேண்டியிருப்பதால், கேட்காமல் செய்தால் அன்றே வெளியேற்றுவார்கள், அது நியாயமும்கூட.

வெவ்வேறு குழல் நீளமுள்ள இரண்டு ரைபிள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே தொகுதி எண் (ஒன்றாகத் தயாரானவற்றுக்கு ஆலை இடும் எண்) கொண்ட தோட்டாக்களைப் பயன்படுத்துங்கள். .22 போன்ற ரிம்பயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாக்களில் குண்டின் மேல் மெழுகோ எண்ணெய்ப் பசையோ இருக்கும். வேறு வகைக்கு மாறியவுடன் குழலின் உட்பரப்பு புதிய பசைக்குப் பழகும் வரை எண்கள் தாறுமாறாக வரும், ஆகவே முதல் 10, 15 தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு ரைபிளிலும் 20 தோட்டாக்களின் வேகத்தைக் குறித்து, பக்கத்திலேயே அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது சராசரி வேகத்தில் மயங்க வேண்டாம். மிக வேகமான தோட்டாவுக்கும் மிக மெதுவான தோட்டாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். 320 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி எடுத்து, அதற்குள் ஏறத்தாழ 13 செ.மீ. கீழே இறங்குகிறது. அடுத்த குண்டு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அது 7 மி.மீ. மேலே போய் விழும். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். உங்கள் பிடிப்பும் மூச்சும் எவ்வளவு சரியாக இருந்தாலும், தோட்டாவின் இந்த ஏற்ற இறக்கத்தை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. நீளக் குழலோ குட்டைக் குழலோ, இந்த வித்தியாசம் எதில் குறைவாக வருகிறதோ அதுவே உங்கள் தோட்டாவுக்கு உரிய குழல்.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தோடு உங்கள் எண் பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம். ஆலைகளின் சோதனைக் குழல் பெரும்பாலும் 24 அங்குலம், அதாவது 61 செ.மீ.; அறையின் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்டது. நம் திடலில் அப்படியில்லை. வெயிலில் சூடான வெடிமருந்து சற்று வேகமாக எரியும் என்பதால், தோட்டாப் பெட்டியை மேசையின் நிழலில் வையுங்கள்.

4. அப்படியென்றால் போட்டி ரைபிள்களில் ஏன் நீளக் குழல்?

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். அன்ஷூட்ஸ் 1913 போன்ற புகழ்பெற்ற போட்டி ரைபிளின் குழல் சுமார் 69 செ.மீ. நீளம். வேகத்துக்காக அல்ல. குறிபார்க்க ரைபிளின் மேல் பொருத்திய முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே உள்ள தூரம் கூடினால் குறிபார்க்கும் பிழை சுருங்கும் என்பதே முதன்மையான காரணம். குறிகளை ஒன்றாக்கும்போது கண் 0.1 மி.மீ. தவறினால், இடைவெளி 60 செ.மீ. ஆக இருக்கும்போது இலக்கில் 8 மி.மீ.க்கு மேல் விலகும், 80 செ.மீ. ஆக இருந்தால் சுமார் 6 மி.மீ.தான் விலகும். முன்பக்கம் சற்றுக் கனமாக இருந்தால் நின்று சுடும்போது ரைபிள் அலைபாயாமல் நிற்கும் என்பதும் உண்டு.

இதற்கு விலையும் உண்டு. ஒரே தடிமனுள்ள குழல்களில், ஒரே விசைக்கு வளையும் அளவு நீளத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது, 50 செ.மீ. குழலைவிட 66 செ.மீ. குழல் இரண்டு மடங்குக்கு மேல் வளையும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரமும் கூடுகிறது. சுடும் விசையை (டிரிகரை) அழுத்திய பிறகு குண்டு வெளியேற எடுக்கும் அந்தச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் தோளோ கன்னமோ அசைந்தால், நீளக் குழல் அதை அப்படியே இலக்கில் எழுதிக் காட்டும். சுட்ட பிறகும் நிலையைக் கலைக்காமல் இருக்கும் பழக்கம் இன்னும் படியாத புதியவருக்குக் குட்டைக் குழலே கருணையானது.

இரண்டு நன்மையும் வேண்டுமென்பதால்தான், 50 செ.மீ. அளவிலான குழலின் முனையில் உட்புரி இல்லாத வெற்றுக் குழாயைப் பொருத்தி, அதன் மேல் முன் குறியை வைக்கிறார்கள். குண்டு உண்மையான குழலைவிட்டு முன்பே வெளியேறிவிடுகிறது. குறிகளின் இடைவெளி மட்டும் நீள்கிறது. என் கருத்தில், புதியவர்களுக்கு ஏற்ற அமைப்பு இதுதான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை: அந்தக் குழாய் பார்வைக்குச் சத்தம் குறைக்கும் கருவி போலத் தெரியும்; சத்தத்தைக் குறைக்கும் கருவிகளும் ஆயுத வரையறைக்குள் வருபவை. தயாரிப்பாளரின் விவரத்தாளில் அது குறி நீட்டிப்பு என்று தெளிவாக இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்து, காவல்துறையின் எழுத்துப்பூர்வமான பதில் வரும் வரை அதை வரவழைக்காதீர்கள்.

10 மீட்டர் ஏர் ரைபிள் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 4.5 மி.மீ. போட்டி ரைபிள்களின் குழல் பெரும்பாலும் 42 செ.மீ. அளவில்தான் வருகிறது, அனைத்துலக விதி மொத்த அமைப்பின் நீளத்தை 850 மி.மீ.க்குள்ளும் எடையை 5.5 கிலோவுக்குள்ளும் கட்டிவைத்திருக்கிறது. புதியவர் அதிலிருந்தே தொடங்குவது நல்லது என்பேன்: குண்டு மலிவு, பயிற்சி உள்ளரங்கில், மழை தடுக்காது.

5. செலவு: ரைபிளைப் பார்க்காதீர்கள், தோட்டாவைப் பாருங்கள்

.22 தோட்டா 50 கொண்ட பெட்டியாக வரும். வாரத்துக்கு 100 தோட்டா, ஆண்டுக்கு 48 வாரம் என்று வைத்தால் 4,800 தோட்டா, அதாவது 96 பெட்டி. பெட்டிக்கு 1 ரிங்கிட் வித்தியாசம் ஆண்டுக்கு 96 ரிங்கிட். பயிற்சித் தோட்டாவுக்கும் உயர்ந்த போட்டித் தோட்டாவுக்கும் பெட்டிக்கு 30 ரிங்கிட் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,880 ரிங்கிட். நீளக் குழலுக்கும் குட்டைக் குழலுக்கும் விலை வேறுபாட்டை வைத்து மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஈலி, லாபுவா, ஆர்டபிள்யூஎஸ், எஸ்கே எனத் தோட்டா தயாரிப்பாளர் எந்தப் பெயரானாலும், ஒரே பெயருக்குள் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு இருக்கும். ஒரு குழலுக்குப் பிடித்த தொகுதி பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. பிடித்த தொகுதி கிடைத்தால் மொத்தமாக வாங்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நம் நாட்டில் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது: எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதையும் உரிமமே வரையறுக்கிறது. ஆகவே தொகுதியைக் கழகத்தின் வழியாக வாங்கி, கழகத்தின் ஆயுதக் கிடங்கிலேயே வைத்துத் தேவைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று செயலாளரிடம் முதலிலேயே கேளுங்கள். முடியும் என்றால் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு மிகப் பெரிய சுதந்திரம் கிடைக்கும்.

6. ஆவணங்கள்

உரிம விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் வட்டாரக் காவல்துறைத் தலைமையகம் வழியாகப் போகும். முடிவெடுப்பவர் மாநிலக் காவல்துறைத் தலைவர், கோலாலம்பூருக்குத் தனியாக அதன் தலைவர். அடையாள அட்டை நகல், புகைப்படங்கள், கழக உறுப்பியச் சான்று, நீங்கள் முறையாகப் பயிற்சியில் கலந்துகொள்வதைச் சொல்லும் கழகக் கடிதம், உரிமம் பெற்ற வணிகரின் விலைக்குறிப்பு, தயாரிப்பாளரின் விவரத்தாள், ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைக்கும் இடம் பற்றிய விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பட்டியலை அலுவலகத்தின் முகப்பில் கேட்டு உறுதிசெய்துகொள்வது உங்கள் பொறுப்பு. நண்பர் சொன்ன பட்டியலை நம்பிப் போகாதீர்கள்.

என் கோப்பு நகராமல் நின்றதற்குக் காரணம் வணிகர் எழுதிய ஒரே ஓர் எண். தயாரிப்பாளரின் தாளில் குழல் 50 செ.மீ. என்று இருக்க, விலைக்குறிப்பில் முனைக் குழாயையும் சேர்த்து அளந்து பெரிய எண்ணாகப் போட்டிருந்தார். இரண்டு தாளில் இரண்டு நீளம் என்றால் அதிகாரி கையெழுத்திட மாட்டார். குழலின் நீளம் என்பது, ரைபிள் காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்த பிறகு, போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மூடிய நிலையில் போல்ட் முகப்பிலிருந்து குழல் வாய் வரை உள்ள தூரம். கழற்றக்கூடிய குழாய் அதில் சேராது. விலைக்குறிப்பு கைக்கு வந்தவுடன் மாடல் பெயர், தோட்டா அளவு, குழல் நீளம் மூன்றையும் விவரத்தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போங்கள்.

வீட்டாரிடம் முன்பே பேசிவிடுங்கள். வீட்டில் துப்பாக்கி என்றால் அம்மா முகம் மாறும், அது இயல்பு. கழகக் கிடங்கில் வைக்கும் ஏற்பாடு இருந்தால் அந்தப் பேச்சு எளிதாக முடியும், விண்ணப்பத்துக்கும் அது பலமே.

7. காலம்

ஒப்புதல், பிறகு வணிகரின் இறக்குமதி, பிறகு ஆயுதத்தைப் பதிவுசெய்து கையில் பெறுவது என்று மாதக்கணக்கில் ஆகும் என்று திட்டமிடுங்கள். ஒப்புதல் வருவதற்கு முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டால், உரிமம் மறுக்கப்பட்டால் திருப்பித் தரப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. கடைசி நாள் வரை காத்திருந்தால் வரிசையில் பாதி நகரமே உங்களுக்கு முன்னால் நிற்கும்.

காத்திருக்கும் மாதங்களில் கழக ரைபிளிலேயே போட்டி நேரத்துக்குப் பழகுங்கள். 10 மீட்டரில் மின்னணு இலக்கில் 60 குண்டுக்கு 1 மணி 15 நிமிடம். 50 மீட்டரில் மூன்று நிலைகளில் தலா 20 தோட்டாவுக்கு 1 மணி 30 நிமிடம். சுபாங் திடலில் காலை நேரத்தைப் பதிவுசெய்வது நல்லது; பிற்பகலில் இடிமழை வந்தால் அளந்த எண்களும் வீண், தோட்டாவும் வீண். பினாங்கு நண்பர்கள் ரைபிள் ரேஞ்ச் என்று டாக்சிக்காரரிடம் சொன்னால் அவர் அதே பெயருள்ள ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குத்தான் கொண்டுபோய் இறக்குவார். கழகத்தின் முழு முகவரியைச் சொல்லுங்கள்.

8. ரைபிள் கைக்கு வந்த பிறகு

முதல் வேலை, வரிசை எண்ணையும் குழல் நீளத்தையும் உரிமத்தோடும் விலைச்சீட்டோடும் வணிகரின் கடையிலேயே ஒப்பிடுவது. பொருந்தாவிட்டால் ரைபிளை வெளியே எடுத்துச் செல்லாமல் அங்கேயே விட்டுவிட்டு, காவல்துறை அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

இரண்டாவது, மூன்றாம் படியில் செய்த வேகச் சோதனையைச் சொந்த ரைபிளில் மீண்டும் செய்யுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு குழல்கள் ஒரே எண்ணைத் தருவதில்லை. நொடிக்குச் சில மீட்டர் வித்தியாசம் வழக்கமானது. அதற்காக வணிகரோடு சண்டைக்குப் போகத் தேவையில்லை. 20 தோட்டாக்களுக்குள் ஏற்ற இறக்கம் கழக ரைபிளைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும், தொகுதியை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

மூன்றாவது, நம் ஊர் ஈரப்பதம். சுட்டு முடித்தவுடன் குழலைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுங்கள்; நுரைத் திணிப்புள்ள பயணப் பெட்டிக்குள் ஈரத்தோடு மூடிவைத்தால் குழல் துருப்பிடிக்கும். அடுத்த முறை சுடும் முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சில குண்டுகள் எங்கேயோ போகும். வாங்கிய தோட்டா, சுட்ட தோட்டா, மீதித் தோட்டா ஆகிய மூன்றையும் தேதியோடு ஒரே குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அதே பக்கத்தில் தொகுதி எண், வெப்பநிலை, வேகம் மூன்றும் இருந்தால், உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும்போதும் அடுத்த தொகுதியைத் தேர்ந்தெடுக்கும்போதும் அந்த ஒரே குறிப்பேடு போதும்.